இருவதில பத்தொன்பது

கலாஜினி: சீப்பு.

மாமி: எடுத்தாச்சு. அல்மாரிக்கு மேல கிடந்த.

கலாஜினி: பூட்டுத் திறப்பு.

மாமி: மீன்ட வாய்க்க.

கலாஜினி: எந்த மீன்?

மாமி: சுவரில படமாத் தொங்குதே, அந்த மீன். கண்ணத் திறந்து பாரு புள்ள... ம், மறுகா?

கலாஜினி: கத்தரிக்கோல்... மாமி, கொஞ்சம் பொறுங்க. நான் சொல்ல முந்தி எடுக்கிறீங்க.

மாமி: நீ இங்கிலீசில வாசிச்சு, தமிழாக்கி, வாயத் திறக்கிறதுக்குள்ள அந்த வீடு இன்னொருக்கா முழுகிப் போயிடும்.

கலாஜினி: அது எப்பவோ முழுகின வீடுதானே. கடலுக்கடியில கிடக்கிற மாளிகை, ஒளிச்சுக் கிடக்கிற சாமானத் தேடு எண்டுதான் கேம் தொடங்கக்க எழுத்துப் போடுது. ஜன்னலுக்கால பாசி ஆடுது பாருங்க.

மாமி: பாசி இல்ல அது. சேலை.

கலாஜினி: பாசி மாமி. படத்த வடிவாப் பாருங்க.

மாமி: தண்ணிக்க சேலை எப்பிடி ஆடுமெண்டு எனக்குத் தெரியும்... சரி, விடு. அடுத்தது சொல்லு.

கலாஜினி: சத்தத்தக் குறைங்க. சின்னவள் இப்பதான் ஏணைக்க கண்ணயந்தவள்.

மாமி: இந்தச் சத்தத்துக்குத்தான் அவள் உறங்குறாள். தண்ணி சொட்டுற சத்தம். தகப்பனுக்கும் இது கேட்டாத்தான் தலை ஆறும்.

கலாஜினி: அடுத்தது பாவப்புள்ள, பொம்மை.

மாமி: கட்டிலுக்குக் கீழ. கை மட்டும் தெரியுது.

கலாஜினி: நான் காணல்லியே.

மாமி: ஒளிச்சு வைக்கிறவன் கைய மறந்திடுவான். எப்பவும் கையாலதான் அம்பிடும்.

கலாஜினி: என்ன பேச்சு இது... குடை. இதான் கடைசி. கதவடியில கிடக்கு, எனக்கே தெரியுது. எடுங்க.

மாமி: கிடக்கட்டும்.

கலாஜினி: பாத்தீங்களா! ஒவ்வொரு அறையிலயும் ஒண்ட விட்டுட்டு எழும்புறீங்க. ‘அம்மா’ எண்ட பேருக்குக் கீழ இருவதில பத்தொன்பது, இருவதில பத்தொன்பது, இருவதில பத்தொன்பது. பள்ளிக்கூடத்திலயும் இப்பிடித்தானோ?

மாமி: பள்ளிக்கூடம் ஆரு போன? தொட்டா மறைஞ்சு போகுதுகா. டிங் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான், அந்த இடம் வெறும் சுவர். பத்தொன்பத எடுத்தது காணும். ஒண்டு கிடக்கட்டும் அந்த வீட்டுக்க.

கலாஜினி: அப்ப கேம் முடியாதே மாமி.

மாமி: முடிஞ்சு என்ன செய்யப்போற?

கலாஜினி: சரி, நிப்பாட்டுவம். நாலு மணிக்கு விதானையார் அரசாங்கக் கடதாசியோட வாறார். முகத்தக் கழுவி, நெத்தியில கொஞ்சம் திருநீறு பூசுங்க. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறனெண்டு செவ்வரத்தம் பூவும் பிடுங்கிக்கிட்டுப் போறீங்க, வரக்க நெத்தி வெறுமையாக் கிடக்கு. சாமி உங்களுக்கு மட்டும் திருநீறு தாறல்லியா?

மாமி: வேர்வையில அழிஞ்சு போன... முதல்ல அந்தப் பேர்ப் பட்டியலக் காட்டு.

கலாஜினி: என்னத்துக்கு?

மாமி: பாக்க.

கலாஜினி: நேத்தும் பாத்ததுதானே.

மாமி: நேத்துப் பாத்தது நேத்து. காட்டுகா... ஆ. இது ‘அம்மா’. அது ‘கலா’. நடுவில கோகுல். அவன்ர பேருக்குப் பக்கத்தில என்ன இலக்கம்?

கலாஜினி: ...பதினாலு.

மாமி: நேத்துப் பதின்மூண்டு. எழுத்துத் தெரியாட்டியும் இலக்கம் எனக்குத் தெரியும். புதுசா ஒரு அறை திறந்திருக்கான்.

கலாஜினி: மாமி...

மாமி: வந்திருக்கான் புள்ள.

கலாஜினி: ரெண்டரை வருசமாக் காணாமப் போன மனிசன் படலையத் திறந்து வந்து, பெஞ்சாதியப் பாக்காம, புள்ளயப் பாக்காம, இந்தக் கொம்பியூட்டரப் போட்டு ஒரு அறை விளையாடிட்டுப் போறாரா?

மாமி: அவன் வேலையால வந்தா முதல்ல எங்க போய் இருப்பான்? உன்னட்டயா வருவான்?

கலாஜினி: ...இதிலதான் இருப்பார். கையும் கழுவ மாட்டார்.

மாமி: ஆ.

கலாஜினி: பகிடி விடாதீங்க மாமி. மேலெல்லாம் கூசுது எனக்கு.

மாமி: ஆரு பகிடி விட்ட? காலம நான் கிணத்தடியால வரக்க அவன் இருந்து விளையாடுற இந்தக் கதிரை வாவிப் பக்கம் திரும்பிக் கிடந்த.

கலாஜினி: நான் கூட்டக்க தள்ளியிருப்பன்.

மாமி: நீ பாலர் பள்ளிக்குப் படிப்பிக்கப் போயிட்டாய். நான் நேர வைச்சிட்டுத்தான் தண்ணி அள்ளப் போன.

கலாஜினி: பூனை கீனை...

மாமி: பூனை கதிரையத் திருப்புமா? அவன் இருக்கிற மாதிரியே சரிச்சு, ஜன்னலுக்கால வாவி தெரியுற மாதிரி... கைய வைச்சுப் பாத்தன். ஈரம்.

கலாஜினி: மாமி, காணும்!

மாமி: சின்னவளும் அந்தக் கதிரையக் கை காட்டி ‘அப்பா’ எண்டாள். அவள் தகப்பனக் கண்டவளா? அவன் போய் ரெண்டு மாசத்துக்குப் புறகு புறந்தவள்...

கலாஜினி: இதாலதானா கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு நிக்கிறீங்க?

மாமி: நீயே சொல்லு. கேம் விளையாடுற மனிசனுக்கு மரணப் பத்திரம் எழுதலாமா? விதானையாரக் கூப்பிட்டு இந்த இலக்கத்தக் காட்டுவன்.

கலாஜினி: அவர் சிரிப்பார்.

மாமி: சிரிக்கட்டும். பல்லிருக்கிற மனிசன்.

கலாஜினி: ஊரில ஆளக் காணாத முக்காவாசிப் பேர் அந்தப் பத்திரம் எடுத்திட்டாங்க மாமி. சீதேவிப்பிள்ளை அக்காவும் போன மாசம் எடுத்திட்டா. அவட மகன் பேப்பர்ப் படத்தில இருந்தவன். அவன நீங்கதானே கண்டு குடுத்த.

மாமி: ஓம். பஸ் படம்.

கலாஜினி: சண்டை முடிஞ்ச மாசம். ஆமி பிடிச்ச முன்னூறு ஆம்புளைகள், முதுகும் தலையுமா, பஸ்ஸுக்குப் பக்கத்தில குந்தியிருந்தாங்க. ஊரே கண்ணாடி வைச்சுத் தேடின. நீங்க ஒரே பார்வைல விரல வைச்சு, ‘இந்தா உன்ர மகன்’ எண்டீங்க. அண்டைக்கு நான் கெஞ்சினன், மாமி, நம்மட ஆளையும் தேடுங்க எண்டு. நீங்க பேப்பர மடிச்சு வைச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டீங்க.

மாமி: கண் எரிஞ்ச.

கலாஜினி: வவுனியாவில முகாம் கம்பிக்கு வெளியால நிண்டு நான் முகம் முகமாப் பாக்கிறன், நீங்க நிலத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க.

மாமி: வெயில் புள்ள அண்டைக்கு.

கலாஜினி: உங்கட கண்ணுக்கு அம்பிடாதது உலகத்தில இல்ல. அதுதான் எனக்கு விளங்கல்ல.

மாமி: இந்தக் கண்ணா? இது சுனாமிக்குப் புறகு வந்த கண். மூண்டு மாசம் நாவலடி மணலில தேடித் திரிஞ்ச கண். வீடிருந்த இடத்தில கிணறு மட்டும்தான் மிச்சம். தென்னை மரத்தில சைக்கிள். கிணத்துக்க ஆர்ரயோ தையல் மிசின். எல்லாம் கிடக்கக்கூடாத இடத்தில கிடந்த. ஒண்டொண்டா எடுத்தன். மாமாவ எடுத்தன். மூத்தவள எடுத்தன்... அவள்ர கை மட்டும்தான் மணலுக்கு மேல தெரிஞ்ச.

கலாஜினி: தெரியும் மாமி. சொல்லாதீங்க.

மாமி: எல்லாரையும் எடுத்து முடிஞ்சும் நான் நிக்கல்ல. ஒவ்வொரு நாளும் போய் மணலக் கிளறுவன். அப்பதான் அவன் வேலை செய்த நிவாரணக் கந்தோர மூடின. அங்க இருந்த வெள்ளைக்காரி இந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டிய அவனுக்குக் குடுத்திட்டுப் போனாள், அவள்ர விளையாட்டெல்லாம் உள்ளுக்க. ‘அம்மா, தேடித்தான் ஆகணுமெண்டா இதுக்க தேடுங்க, இதில கால் வெட்டாது’ எண்டான் மகன்.

கலாஜினி: அப்பிடித்தான் ‘அம்மா’ எண்டு பேரடிச்சவர்.

மாமி: அப்பிடிப்பட்டவன் செத்திட்டானெண்டு நான் கையெழுத்து வைக்கவா?

கலாஜினி: மாமி... ஒண்டு சொல்லோணும். கோவிக்கக்கூடாது.

மாமி: கோவிக்கிற மாதிரி எண்டா கோவிப்பன்.

கலாஜினி: அவர்ர பேரில இருக்கிற அறைகள்... அவர் விளையாடிட்டுப் போனது நாலு. அஞ்சிலேருந்து பதினொண்டு வரைக்கும் நான்தான். சண்டை முடிஞ்சு, எந்தப் பட்டியலிலயும் அவர்ர பேர் இல்லையெண்டு தெரிஞ்சதும் நீங்க சோறு தின்னாம விட்டீங்க. பச்சப்புள்ளையோட நான் என்ன செய்ய? ஒரு நாள் பிழையா அவர்ர பேர அமத்தி விளையாடிட்டன். பின்னேரம் நீங்க இலக்கம் ஏறினதக் கண்டீங்க. ஒரு சொல்லுச் சொல்லல்ல. எழும்பிப் போய்க் கோப்பையக் கழுவி, சோறு போட்டுத் தின்டீங்க. அண்டையிலேருந்து... நீங்க சோர்ந்து போற நேரமெல்லாம் ஒரு அறை. ஏசுங்க மாமி. பேசாம இரிக்காதீங்க.

மாமி: ஏன் ஏச? எனக்குத் தெரியும்.

கலாஜினி: என்ன தெரியும்?

மாமி: நீதானெண்டு. வழி காட்ட ஒரு விளக்கு இரிக்குதே கேம் மூலையில, அத அவன் ஒரு நாளும் தொட மாட்டான். வீம்பு புடிச்சவன். நீ தொட்டுத் தொட்டுத்தான் எடுப்பாய். அவன்ர அறைகளில விளக்குப் பத்துத் தரம் எரிஞ்சு கிடந்த.

கலாஜினி: தெரிஞ்சுமா தின்டீங்க?

மாமி: நீ பச்சை உடம்புக்காரி. மாமி தின்னாட்டி நீயும் தின்ன மாட்டாய். உனக்காகத் தின்டன்.

கலாஜினி: அட கடவுளே... நான் உங்களுக்காக விளையாட, நீங்க எனக்காகத் தின்ன...

மாமி: மெதுவாச் சிரி. புள்ள எழும்பப்போறாள்.

கலாஜினி: சிரிக்கல்ல மாமி... மாமி.

மாமி: என்ன?

கலாஜினி: ஆவணி தொடங்கினதிலேருந்து நான் அவர்ர பேரத் தொடவேயில்ல. பன்னெண்டும் பதின்மூண்டும் பதினாலும் நான் இல்ல. சின்னவள் ஆணை.

மாமி: புள்ளயில சத்தியம் பண்ணாத.

கலாஜினி: பின்ன ஆரு? நீங்க இங்கிலீசு வாசிக்க மாட்டீங்க. சின்னவளுக்கு ரெண்டு வயசு. வீட்டுக்க வேற ஆளில்ல. மூண்டு கிழமையா எனக்குப் பயம் மாமி. உங்களட்டச் சொல்லேலாது, சொன்னா நான் முந்திச் செய்ததும் வெளியால வந்திடும். பாலர் பள்ளியில புள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கக்க இந்த இலக்கம்தான் கண்ணுக்க நிக்குது. வீட்டுக்கு வந்து முதல் வேலையா இதத்தான் பாக்கிறன். ஏறியிருக்கு.

மாமி: அதத்தானே நானும் சொல்லுறன்.

கலாஜினி: அந்தச் சத்தம் என்ன?

மாமி: தண்ணி சொட்டுற. கேம்தான்.

கலாஜினி: கேம் சத்தத்த நான் அப்பவே நிப்பாட்டிட்டன்.

மாமி: கூரையாயிரிக்கும்.

கலாஜினி: வெயில் எறிக்குதே.

மாமி: ...கிணத்தடி வாளி. ஓட்டை வாளி. சும்மா இரு.

கலாஜினி: இல்ல, என்னால ஏலா. திறக்கிறன்.

மாமி: எத?

கலாஜினி: அவர்ர பேர. உள்ளுக்க போய்ப் பாக்கிறன், என்ன செய்திருக்காரெண்டு.

மாமி: வேணாம் புள்ள.

கலாஜினி: ஏன்?

மாமி: வேணாமெண்டா வேணாம். கரண்ட நிப்பாட்டு. விதானையார் வாற நேரம்.

கலாஜினி: கைய எடுங்க மாமி... கைய எடுங்க. ஒண்டு, இருவதில இருவது. ரெண்டு, மூண்டு, நாலு, எல்லாம் இருவது. அது அவர். அஞ்சு, ஆறு... பதினொண்டு, இருவது. இது நான். பன்னெண்டு... பத்தொன்பது. பதின்மூண்டு, பத்தொன்பது. பதினாலு...

மாமி: கலா.

கலாஜினி: பதினாலு, இருவதில பத்தொன்பது. மாமி, பேய் இருவதும் எடுக்கும். ஒண்ட விட்டுட்டு எழும்புற ஆள் இந்த வீட்டில ஒரே ஒரு ஆள்தான். வாசிக்கத் தெரியாம எப்பிடி எடுத்தீங்க?

மாமி: கிடக்கக்கூடாத இடத்தில கிடக்கிறதத்தானே தேடச் சொல்லுது. அதுக்குப் பட்டியல் என்னத்துக்கு?

கலாஜினி: மூண்டு கிழமை! என்ன நடுங்க வைச்சீங்க மாமி. கதிரையையும் திருப்பி வைச்சு...

மாமி: கதிரைய நான் திருப்பல்ல.

கலாஜினி: இன்னும் பொய்யா?

மாமி: மூண்டு அறையும் நான்தான். சின்னவளுக்கு ‘அப்பா’ எண்டு கை காட்டச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். கதிரையத் திருப்பினது நான் இல்ல. அது மெய்.

கலாஜினி: ...சரி. பதினாலுக்க போறன். உடுப்பு அறை. ஒண்டுதான் மிச்சம்... பொத்தான். நடுவில கோட்டுத் தொங்குது, அதில வெள்ளைப் பொத்தான், குருடருக்கும் தெரியும். இத ஏன் விட்டீங்க? இந்தா...

மாமி: அமத்தாத! அத மட்டும் அமத்தாத புள்ள. உன்னக் கும்பிட்டன்.

கலாஜினி: ...அமத்தல்ல. மவுஸ விட்டுட்டன், பாருங்க. ஆனா ஏன் இப்பிடிச் செய்தீங்க? சொல்லுங்க.

மாமி: ஆவணி முதல் கிழமை கரடியனாத்திலேருந்து நாகரெத்தினத்தார் வந்து போனார். அண்டையிலேருந்து நீ நிப்பாட்டினாய்.

கலாஜினி: உங்களுக்கு எப்பிடி...

மாமி: அடுப்படியில இருந்தா நான் செவிடா? அவர்ர மகனுக்குத்தானே உன்னக் கேட்டு வந்த. வட்டையும் வயலுமா நல்ல குடும்பம். பொடியன் பெஞ்சாதியக் கடலுக்குக் குடுத்தவன். குறை சொல்ல ஒண்டுமில்ல.

கலாஜினி: நான் ஓமெண்டு சொல்லல்ல மாமி.

மாமி: இல்லையெண்டும் சொல்லல்ல. கடதாசி கைக்கு வரட்டும் எண்டாய்... இது உன்ர வீடு. உன்ர தாய் உனக்குச் சீதனமாத் தந்த வளவு. நம்மட ஊரில பொடியன்ட தாய் மருமகள்ர வீட்டுக்கு விருந்துக்கு வருவாள், ரெண்டு நாள் இருந்திட்டுப் போவாள். எனக்குப் போக வீடில்ல. கடல் எடுத்திட்டு. மகன் இரிக்கிறான் எண்டாத்தான் நான் மகன்ர வீட்டில இரிக்கிறன். மகன் இல்லையெண்டு கடதாசி வந்தா... நான் ஆரு இங்க?

கலாஜினி: சின்னவளுக்கு நீங்க ஆரு? உங்கட மடியில படுக்காட்டி அவள் உறங்குவாளா? உங்களத் தள்ளிட்டு ஒருத்தன் இந்தப் படலையத் திறப்பானா, நான் விட்டிடுவனா? இத என்னட்டக் கேக்காம பேய் வேசம் போட்டிருக்கீங்க!

மாமி: கேக்கப் பயம் புள்ள.

கலாஜினி: பயம்! எனக்கு இல்லையா? நான் கையெழுத்து வைச்ச மறு நாள் அவர் வந்திட்டா? இன்னொருத்தன்ர கோப்பைல சோறு போட்டுக்கிட்டு நான் நிக்க, அவர் படலையடியில நிண்டா? ரா பகலா எனக்கு இதான் நினைப்பு. அண்டைக்கு வாவிக்கரையில ஒண்டு ஒதுங்கிக் கிடக்கெண்டு ஆக்கள் வந்து கூப்பிட்டாங்களே... ஏழு மாச வயித்தோட வராத எண்டு என்ன இருத்திட்டு நீங்கதான் போனீங்க. வந்து, ‘நம்மட ஆள் இல்ல, ஆரோ மீன்காரப் பொடியன்’ எண்டீங்க. அந்த ஒரு சொல்லப் பிடிச்சுக்கிட்டுத்தானே நான் இருக்கன். அவர் எங்கயோ இருக்கார். எங்கயோ கம்பிக்குப் பின்னால இருக்கார். நான் வைக்கல்ல மாமி. கடதாசியும் வேணாம், கரடியனாறும் வேணாம். நீங்க உங்கட பாட்டில இரிங்க. நான் அவரப் பாத்துக்கிட்டே இருந்திடுறன்.

மாமி: உனக்கு இருவத்தெட்டு வயசு.

கலாஜினி: இருந்தா என்ன?

விதானையார்: கலாஜினி! வீட்டில ஆளிரிக்கா? நாய் கட்டிக் கிடக்கா?

கலாஜினி: வாங்க விதானையார். நாய் இல்ல. உள்ளுக்க வாங்க.

விதானையார்: அடேயப்பா, என்ன வெயில். படலையடியில ஆரு தண்ணி ஊத்தின, சேறாக் கிடக்கு?... சரி, வா புள்ள, நாலு வீடு பாக்கக் கிடக்கு. வாசிச்சுக் காட்டுறன், சரியெண்டாக் கையெழுத்து. நீயும் தாயும் ரெண்டு பேரும் வைச்சாத்தான் நான் அனுப்பலாம். காணாமப் போனவர்ர பேர், வேலப்போடி கோகுலராஜ். தாய், சின்னத்தங்கம். மனைவி, கலாஜினி. காணாமப் போன திகதி, ரெண்டாயிரத்து ஒன்பது, ரெண்டாம் மாதம் பதினொண்டு, புதன்கிழமை. டவுனுக்குக் கொம்பியூட்டர் திருத்துற வேலைக்குப் போனவர். கடைசியாக் கண்ட ஆள், மனைவி. கண்ட இடம், வீட்டுப் படலை. காலம எட்டு மணி. உடுப்பு?

கலாஜினி: நீலச் சேட்டு. கறுப்புக் களிசான்... விதானையார், நான் வைக்கல்ல.

விதானையார்: என்ன புள்ள? நீதானே வரச் சொன்ன.

கலாஜினி: ஓம். பிழைதான். மன்னிச்சுக் கொள்ளுங்க. சாகாத மனிசனுக்கு என்னெண்டு வைக்கிற?

விதானையார்: நான் கட்டாயப்படுத்தேலாது... யோசிச்சுச் செய். இன்னொருக்கா இந்தப் பக்கம் எப்ப வருவனோ தெரியா. மாமியும் அப்பிடித்தானா? சரி. அப்ப மடிக்கிறன்.

மாமி: தம்பி.

விதானையார்: சொல்லுங்கம்மா.

மாமி: மடிக்காதீங்க. அந்தக் கடைசியாக் கண்ட ஆள் எண்ட இடத்தில ஆர்ர பேர் கிடக்கு?

விதானையார்: மருமகள்ர பேர். படலையடியில கண்டவ எண்டு...

மாமி: அத வெட்டுங்க. என்ர பேர எழுதுங்க.

கலாஜினி: மாமி? அண்டைக்கு நீங்க வெள்ளெனவே சந்தைக்குப் போயிட்டீங்க. நான்தானே...

மாமி: திகதியும் பிழை. பதினேழு எண்டு எழுதுங்க தம்பி. செவ்வாய்க்கிழமை. இடம், வாவிக்கரை. கண்ணா மரப் பத்தைக்க, வேர்களுக்கிடையில.

கலாஜினி: ...மாமி.

மாமி: நீலச் சேட்டு. மேலால ரெண்டாவது பொத்தான் மட்டும் வெள்ளை. கறுப்பு நூலால தைச்சுக் கிடந்த.

கலாஜினி: அது... நான் தைச்ச பொத்தான். வெள்ளை நூல் முடிஞ்சு போய்...

மாமி: ஓம் புள்ள.

கலாஜினி: இல்ல. இல்ல மாமி. மீன்காரப் பொடியன் எண்டீங்க. உங்கட வாயால சொன்னீங்க. வவுனியாவுக்கு என்னோட வந்தீங்க! கம்பிக்கு வெளியால என்னோட நிண்டீங்க!

மாமி: நிலத்தப் பாத்துக்கிட்டு நிண்டன்.

கலாஜினி: வெள்ளிக்கிழமை... அந்தச் செவ்வரத்தம் பூ...

மாமி: சவக்காலைக்கு. உரிமை கேக்க ஆளில்லையெண்டு தாட்ட இடத்தில, வேலியோரம் மூண்டாவது மேடு. நாளைக்குக் கூட்டிக்கிட்டுப் போறன். புள்ளையையும் தூக்கிக்கிட்டு வா.

விதானையார்: அம்மா... பெத்த தாய் நீங்க. கண்ட அண்டைக்கே என்ர மகன் எண்டு ஏன் சொல்லாம விட்டீங்க?

மாமி: மாமாவத் தொட்டு எடுத்தன், இல்லாமப் போனார். மூத்தவள்ர கையத் தொட்டு எடுத்தன், அவளும் இல்லாமப் போனாள். அவன் ஒருத்தன்தான் மிச்சம் தம்பி... கண்டன். தொடல்ல.